நீர்க்கடுப்புக்குப் பார்லித் தண்ணீர் போதுமா?

விடியற்காலை நாலரை மணிக்கு மாசாயில் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பும் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வீட்டை விட்டுப் புறப்படும்போது தண்ணீர் குடிக்க மாட்டார்கள். குடித்தால் பாலத்தில் மாட்டிக்கொண்டு அவஸ்தைப்பட வேண்டும். சுல்தான் இஸ்கண்டார் கட்டடத்தில் ஒரு வரிசை, உட்லண்ட்ஸில் இன்னொரு வரிசை, நடுவில் நகராத பஸ். கழிப்பறைக்குப் போய் வந்தால் பஸ் போய்விடும். அதனால் வாய் உலர்ந்தாலும் பரவாயில்லை என்று வந்து சேர்வோம். நானும் ஆறு வருடங்கள் அப்படித்தான் போய் வந்தேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை மாலை சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் தொடங்கியது. போய் வந்து உட்கார்ந்தால் மறுபடியும் வருவது போல் இருக்கும். போனால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். “சூடுதான்மா. வெயில்ல அலையிற, தண்ணி குடிக்கிறதில்ல. பார்லி காய்ச்சித் தரேன், குடி. காலையில சரியாப் போயிடும்” என்றார். கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பும் தடவிவிட்டார்.

வெள்ளிக்கிழமை கொஞ்சம் குறைந்தது போல் இருந்தது. வேலைக்குப் போனேன். சனிக்கிழமை முதுகின் வலப்பக்கம், விலா எலும்புக்குக் கீழே ஒரு வலி. தூக்கத்தில் ஏதோ பிசகிவிட்டது என்று தைலம் தேய்த்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பல் கிட்டிக்கொள்ளும் அளவுக்கு நடுக்கம், காய்ச்சல், வாந்தி. அண்ணன் காரில் தூக்கிப்போட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனார். சிறுநீர்ப்பையில் இருந்த கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது. நான்கு நாள் நரம்பு வழியாக மருந்து ஏறியது.

வார்டில் டாக்டர் கேட்ட கேள்வி இன்னும் நினைவில் இருக்கிறது. “எத்தனை நாளாக எரிச்சல்?” மூன்று நாள் என்றேன். “முதல் நாளே ஏன் கிளினிக் போகவில்லை?” என்றார். சூடு என்று நினைத்தோம் என்றேன். அவர் தமிழர்தான். “எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் செய்ததில் பாதி சரி. எந்தப் பாதி சரி, எந்தப் பாதி போதாது என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

சூடு என்ற ஒரு சொல்

நம் வீடுகளில் ‘சூடு’ என்ற சொல்லுக்குள் பல நோய்கள் அடங்கிவிடும். கண் எரிந்தாலும் சூடு, வாய்ப்புண் வந்தாலும் சூடு, சிறுநீர் எரிந்தாலும் சூடு. நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு, நீர் எரிச்சல் என்று பெயர்கள் பல.

வெயிலில் வேலை செய்து தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீர் அடர்த்தியாகி, மஞ்சளாகி, கழிக்கும்போது கொஞ்சம் சுரீர் என்பது உண்மைதான். இரண்டு மூன்று கிளாஸ் தண்ணீர் குடித்தால் அது சில மணி நேரத்தில் மாறிவிடும். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில், வருடம் முழுவதும் வியர்க்கும் ஜொகூரில் இது யாருக்கும் வரலாம்.

ஆனால் சிறுநீர்ப் பாதைத் தொற்று வேறு. அது கிருமியால் வருவது. தண்ணீர் குடித்த பிறகும் எரிச்சல் தொடரும். அடிக்கடி முட்டும். போய் வந்தாலும் முழுதாகப் போன திருப்தி இருக்காது. அடிவயிறு கனக்கும். சிறுநீர் கலங்கியிருக்கும், சில நேரம் இரத்தம் கலந்து செம்மையாக இருக்கும். இந்த அறிகுறிகள் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் அதைச் சூடு என்று ஒதுக்கக்கூடாது.

இது அரிய நோயும் அல்ல. உலக அளவில் 2019ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 40 கோடிப் பேருக்கு இந்தத் தொற்று வந்ததாகவும், 2 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்ததாகவும் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பெண்களில் பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வருகிறது.

நான்கு சென்டிமீட்டர் தூரம்

தொற்றுக்குக் காரணமான கிருமிகளில் முதலிடம் ஈ.கோலி என்ற பாக்டீரியாவுக்கு. நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட தொற்றுகள் இதனால்தான். இது வெளியிலிருந்து வரும் எதிரி அல்ல. நம் குடலிலேயே வாழ்வது. குடலில் இருக்கும்வரை தொல்லை இல்லை. ஆசனவாய்ப் பக்கமிருந்து சிறுநீர்த் துவாரத்துக்கு நகர்ந்து, உள்ளே ஏறினால்தான் வம்பு.

பெண்களின் சிறுநீர்க் குழாய் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் நீளம்தான். ஆண்களுக்கு 20 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். கிருமி கடக்க வேண்டிய தூரம் பெண்களுக்கு மிகக் குறைவு. பெண்களை இந்தத் தொற்று அதிகம் தாக்குவதற்கு முதற்காரணம் இந்த உடலமைப்புதான், சுத்தக் குறைவு அல்ல.

உள்ளே ஏறிய கிருமி சிறுநீர்ப்பையின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அங்கேயே பெருகுகிறது. சிறுநீர் கழிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பகுதி கிருமிகள் அடித்துச் செல்லப்படுகின்றன. தண்ணீர் குடிக்காமல், மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டிருந்தால் அவை பெருகுவதற்கு நேரம் கிடைக்கிறது. அங்கிருந்து சிறுநீரகத்துக்கு ஏறினால் காய்ச்சல், நடுக்கம், விலாவுக்குக் கீழே முதுகுவலி, வாந்தி. அதையும் தாண்டி இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இளம் பெண்களுக்குத் தாம்பத்திய உறவுக்குப் பிறகு இந்தத் தொற்று வருவது சாதாரணம். உராய்வினால் கிருமி துவாரத்தை நோக்கித் தள்ளப்படுகிறது, அவ்வளவுதான். புதிதாகத் திருமணமான பெண்கள் வெட்கப்பட்டுக்கொண்டு மறைப்பதும், கணவரின் நடத்தையைச் சந்தேகிப்பதும், மாமியார் வீட்டில் வேறு மாதிரி பேச்சு வருவதும் தேவையில்லாதவை. இது பாலியல் நோய் அல்ல. ஆனால் அரிப்பு, வெள்ளைப்படுதல், துர்நாற்றம் ஆகியவையும் சேர்ந்திருந்தால் காரணம் வேறாக இருக்கலாம். அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

யார் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்?

கர்ப்பிணிகள்: கர்ப்ப காலத்தில் எரிச்சலே இல்லாமல் சிறுநீரில் கிருமி இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத் தொற்றும், குறைமாதப் பிரசவமும் ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் சிறுநீர் கேட்பது சும்மா இல்லை. ‘போன தடவைதானே கொடுத்தேன்’ என்று தட்டிக்கழிக்காதீர்கள்.

நீரிழிவு உள்ளவர்கள்: 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதபோது கிருமியை எதிர்க்கும் ஆற்றல் குறைகிறது. நாளடைவில் சிறுநீர்ப்பையின் நரம்புகளும் பாதிக்கப்பட்டு, சிறுநீர் முழுதாக வெளியேறாமல் தேங்குகிறது. எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. அவற்றைச் சாப்பிடுவோருக்குப் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்றும் அரிப்பும் வரலாம். மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மாதவிடாய் நின்ற பெண்கள்: ஈஸ்ட்ரோஜன் குறைவதால் அந்தப் பகுதியின் தோல் மெலிந்து, பாதுகாப்பாக இருந்த நல்ல பாக்டீரியாக்களும் குறைகின்றன. ‘இந்த வயதில் இதைப் போய் டாக்டரிடம் எப்படிச் சொல்வது’ என்று தயங்குகிறவர்கள் நம்மில் அதிகம்.

ஆண்கள்: இளைஞர்களுக்கு அபூர்வம். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு புரோஸ்டேட் சுரப்பி வீங்கி, சிறுநீர் தேங்கித் தொற்று வரலாம். ஆணுக்கு வந்தால் காரணத்தையும் தேடிப் பார்க்க வேண்டும்.

குழந்தைகள்: கைக்குழந்தைக்கு எரிகிறது என்று சொல்லத் தெரியாது. சளி, இருமல் எதுவும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் இருந்தால் சிறுநீரைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. பள்ளிப் பிள்ளைகளிடம் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். பள்ளிக் கழிப்பறைக்குப் போகிறார்களா? மலச்சிக்கல் இருக்கிறதா? தேங்கிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்துவதால் பிள்ளைகளுக்குத் தொற்று வருவது உண்டு.

வீட்டு வைத்தியம்: எது உதவும், எது உதவாது?

முதலில் ஓர் உண்மை. சிறுநீர்ப்பையோடு நிற்கும் எளிய தொற்று, எந்த மருந்தும் இல்லாமலே சிலருக்குத் தானாக ஆறிவிடுகிறது. ஜெர்மனியில் 494 பெண்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு ஆன்டிபயாட்டிக், இன்னொரு பிரிவுக்கு வலிநிவாரணியான ஐபுபுரோஃபென் மட்டும். வலிநிவாரணி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆன்டிபயாட்டிக் இல்லாமலே குணமானார்கள். ஆனால் அவர்கள் கூடுதல் நாள் வலியை அனுபவித்தார்கள். சிறுநீரகத் தொற்று ஆன்டிபயாட்டிக் பிரிவில் ஒருவருக்கு வந்தது, வலிநிவாரணிப் பிரிவில் ஐந்து பேருக்கு வந்தது.

நம் பாட்டிமார்களின் வைத்தியம் ‘பலித்ததற்கு’ இதுவும் ஒரு காரணம். பலருக்குத் தானாகவே குணமாகியிருக்கும். பெயர் பார்லிக்கும் சுண்ணாம்புக்கும் போயிருக்கும். யாருக்குத் தானாக ஆறும், யாருக்குச் சிறுநீரகத்துக்கு ஏறும் என்று முதல் நாளே சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல்.

தண்ணீர்: வீட்டு வைத்தியத்தில் அதிகச் சான்று உள்ளது இதற்குத்தான். அடிக்கடி தொற்று வந்த, நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடித்த 140 பெண்களை வைத்து பல்கேரியாவில் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேர் வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை தொற்று வந்தது. மற்றவர்களுக்கு 3.2 முறை. ஏறக்குறைய பாதி குறைந்தது. 2018இல் வெளியான முடிவு இது. இதய நோய், சிறுநீரக நோய் காரணமாகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்க வேண்டும்.

பார்லி, சீரகத் தண்ணீர், மோர்: கிருமியைக் கொல்லும் என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் வெறும் தண்ணீர் இறங்காதவர்களுக்கு இவை நீரை உள்ளே அனுப்பும் நல்ல வழி. கடைகளில் விற்கும் பார்லியில் சீனி கொட்டிக் கிடக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கு வீட்டில் காய்ச்சிய சீனியில்லாத பார்லிதான் நல்லது.

இளநீர்: நல்ல பானம்தான். ஆனால் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் பழுதானவர்கள் தவிர்க்க வேண்டும். நட்சத்திரப் பழம் என்கிற பிளிம்பிங் அவர்களுக்கு இன்னும் ஆபத்து. சிறுநீரக நோயாளிகளுக்கு வலிப்பு வரை கொண்டுபோகும் நச்சு அதில் இருக்கிறது.

பூனை மீசை: மலாய்க்காரர்கள் மிசாய் கூச்சிங் என்று தேநீராகக் குடிக்கும் மூலிகை நம் வீட்டுத் தொட்டிகளிலும் வளர்கிறது. சிறுநீரைப் பெருக்குவதற்கான பாரம்பரிய மூலிகையாக ஐரோப்பிய மருந்து முகமையும் இதை ஏற்றிருக்கிறது. ஆனால் சில்லறைத் தொல்லைகளுக்குத் துணையாக மட்டுமே. தொற்றைக் குணப்படுத்தும் மருந்தாக அல்ல.

நெருஞ்சில், நீர்முள்ளி, வாழைத்தண்டு: சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாக இருப்பவை. பயன்படுத்த விரும்பினால் தேர்ந்த வைத்தியரிடம் போங்கள். பொட்டலத்தில் வாங்கினால் ‘எம்.ஏ.எல்’ என்று தொடங்கி ‘டி’ என்று முடியும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். கர்ப்பிணிகளும் நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களும் தாமாக இறங்க வேண்டாம்.

பார்மசியில் கிடைக்கும் எரிச்சல் தணிக்கும் தூள்: தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் இது சிறுநீரின் புளிப்பைக் குறைத்து எரிச்சலைத் தணிக்கப் பார்க்கும். கிருமியைக் கொல்லாது. இதில் சோடியம் இருப்பதால் இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் கேட்டு வாங்க வேண்டும். டாக்டர் நைட்ரோஃபுரான்டாயின் கொடுத்திருந்தால் இதைச் சேர்க்கக்கூடாது. அந்த மருந்தின் வேகம் குறைந்துவிடும். வீட்டுச் சோடா உப்பைக் கரைத்துக் குடிப்பதற்கும் இதே எச்சரிக்கை.

தொப்புளில் விளக்கெண்ணெய், நகத்தில் சுண்ணாம்பு: தீங்கு பெரிதாக இல்லை. தொற்றுக்குப் பலனும் இல்லை. அடிவயிற்றில் வெந்நீர்ப் பை வைத்தால் வலி கொஞ்சம் அடங்கும்.

வினிகர், டெட்டால், வாசனைச் சோப்பு கொண்டு உள்ளே கழுவுவது: வேண்டவே வேண்டாம். பாதுகாக்கும் நல்ல பாக்டீரியாக்களும் சேர்ந்து அழியும்.

கிளினிக்கில் என்ன நடக்கும்?

முதலில் சிறுநீர் கேட்பார்கள். முதல் கொஞ்சத்தை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். ஒரு தாள் பட்டையை அதில் நனைத்துப் பார்ப்பார்கள். வெள்ளணுக்கள் இருக்கிறதா, நைட்ரைட் இருக்கிறதா என்று அது காட்டும். தேவைப்பட்டால் கல்ச்சர் என்னும் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவார்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று அது சொல்லும். முடிவு வர இரண்டு மூன்று நாட்கள் ஆகலாம். கர்ப்பிணி, ஆண், குழந்தை, திரும்பத் திரும்ப வருபவர், காய்ச்சல் உள்ளவர் ஆகியோருக்கு இந்தச் சோதனை முக்கியம். ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன்பே சிறுநீரைக் கொடுத்துவிட வேண்டும்.

எளிய தொற்றுக்கு உலகெங்கும் முன்னிலையில் இருக்கும் மருந்துகளில் ஒன்று நைட்ரோஃபுரான்டாயின். 1950களிலிருந்து புழக்கத்தில் உள்ள பழைய மருந்து. பெரும்பாலும் 5 நாள் சாப்பிட வேண்டும். சாப்பாட்டுடன் எடுத்தால் குமட்டல் குறையும். சிறுநீர் அடர்மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறும், பயப்பட வேண்டாம். இது சிறுநீரில்தான் செறிவாகச் சேரும். சிறுநீரகத் தசைக்குள் போதிய அளவு போகாது. அதனால் காய்ச்சலோடு வரும் சிறுநீரகத் தொற்றுக்கு இது சரிவராது. அதற்கு வேறு மருந்து, கூடுதல் நாட்கள், சிலருக்கு மருத்துவமனையும் தேவைப்படும்.

நைட்ரோஃபுரான்டாயின் கொடுப்பதற்கு முன் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். ஜி6பிடி குறைபாடு உள்ளவர்களுக்கு இந்த மருந்து இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கலாம். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்திலேயே இந்தச் சோதனை செய்யப்படுகிறது. முடிவு குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தில் இருக்கும். அம்மாவின் அலமாரியில் தேடினால் கிடைக்கும்.

மாத்திரை தொடங்கிய ஓரிரு நாளில் எரிச்சல் குறையத் தொடங்க வேண்டும். இரண்டு நாளாகியும் குறையவில்லை என்றால் திரும்பப் போங்கள்.

அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட்தான். செலவுக்குப் பயந்து யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. உண்மையில் நம்மைத் தடுப்பது பணம் அல்ல, ஒரு நாள் சம்பளமும் வெட்கமும்தான்.

டிராயரில் கிடக்கும் மீதி மாத்திரை

நம் வீடுகளில் ஒரு டிராயர் இருக்கும். போன தடவை மிச்சமான மாத்திரை, அக்காவுக்குக் கொடுத்தது, தமிழ்நாட்டுக்குப் போனபோது கடையில் கேட்டு வாங்கி வந்தது எல்லாம் அதில் கிடக்கும். மலேசியாவில் 1952ஆம் ஆண்டின் நச்சுப் பொருள் சட்டப்படி, டாக்டர் சீட்டு இல்லாமல் பார்மசியில் ஆன்டிபயாட்டிக் விற்கக்கூடாது. அதனால் இந்த டிராயர்தான் பலருக்குப் பார்மசி.

இதில் இரண்டு ஆபத்துகள். முதலாவது, அரைகுறையாகச் சாப்பிட்டால் வலுவான கிருமிகள் தப்பித்து, அடுத்த முறை அதே மருந்துக்கு மசியாது. அம்பிசிலின் போன்ற பழைய மருந்துகள் ஈ.கோலியிடம் பெரிதும் பலனிழந்துவிட்டதற்கு இப்படிப்பட்ட பயன்பாடும் ஒரு காரணம். இரண்டாவது, சிப்ரோஃப்ளோக்சசின், நார்ஃப்ளோக்சசின் வகை மாத்திரைகள். இவற்றால் தசைநாண் கிழிதல், நரம்புப் பாதிப்பு போன்ற தீவிரப் பக்கவிளைவுகள் வரலாம் என்பதால், வேறு வழி இருக்கும்போது எளிய தொற்றுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016இல் எச்சரித்தது. ‘போன தடவை இதுதான் கேட்டது’ என்பது இந்தத் தடவைக்கு உத்தரவாதம் இல்லை.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறு உண்டு. எரிச்சல் எதுவும் இல்லாமல் மருத்துவச் சோதனையில் கிருமி தெரிந்தால், பெரும்பாலானவர்களுக்கு ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. கர்ப்பிணிகளும் சிறுநீர்ப் பாதையில் அறுவை செய்துகொள்ளப் போகிறவர்களும் இதற்கு விதிவிலக்கு.

திரும்பத் திரும்ப வந்தால்

ஆறு மாதத்தில் 2 முறை அல்லது ஒரு வருடத்தில் 3 முறை வந்தால் அதைத் திரும்ப வரும் தொற்று என்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்குப் பலரும் சொல்லும் பெயர் கிரான்பெரி. 50 ஆய்வுகளை, ஏறக்குறைய 8,900 பேரின் தரவுகளைத் தொகுத்து 2023இல் ஓர் அலசல் வெளியானது. திரும்பத் திரும்பத் தொற்று வரும் பெண்களுக்குக் கிரான்பெரி அந்த வாய்ப்பைக் கால்வாசி அளவுக்குக் குறைக்கிறது. குழந்தைகளுக்குப் பாதிக்கும் மேல். கர்ப்பிணிகளுக்கும் பராமரிப்பு இல்லங்களில் உள்ள முதியோருக்கும் பலன் தெரியவில்லை. நினைவில் வையுங்கள், இது தடுக்கத்தான். வந்த தொற்றைக் குணப்படுத்த அல்ல. சீனி கலந்த ஜூஸ் வாங்குவதில் அர்த்தம் இல்லை. வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

டி-மனோஸ் என்ற தூள் இணையக் கடைகளில் நல்ல விலைக்குப் போகிறது. பிரிட்டனில் 598 பெண்கள் ஆறு மாதம் தினமும் இதையோ வெறும் சர்க்கரைத் தூளையோ சாப்பிட்ட ஆய்வு 2024இல் வெளியானது. டி-மனோஸ் பிரிவில் 51 விழுக்காட்டினரும், மற்றதில் 55.7 விழுக்காட்டினரும் மறுபடி தொற்றுக்காக டாக்டரிடம் போனார்கள். குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அந்தப் பணத்தை மிச்சப்படுத்தலாம்.

மாதவிடாய் நின்றவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம். 1993இல் வெளியான ஆய்வில், இதைப் பயன்படுத்தியவர்களுக்கு வருடத்துக்குச் சராசரியாக 0.5 முறைதான் தொற்று வந்தது. பயன்படுத்தாதவர்களுக்கு 5.9 முறை. நம் அம்மாக்களில் பலர் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வருடக் கணக்கில் எரிச்சலோடு வாழ்கிறார்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் நிபுணரிடம் பேசி முடிவெடுக்க வேண்டும்.

வேலை நாளில் எப்படித் தடுப்பது?

தண்ணீர் குடி, அடக்காதே என்று சொல்வது சுலபம். பாலத்தில் நிற்கிறவர்களுக்கும், பாசிர் கூடாங் தொழிற்சாலையில் வரிசை வேலை செய்கிறவர்களுக்கும், தலை முதல் கால் வரை மூடும் உடுப்பைக் கழற்றிவிட்டுத்தான் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்ற நிலையில் இருக்கும் மின்னணுத் தொழிற்சாலைப் பெண்களுக்கும் அது அவ்வளவு சுலபமில்லை. நான் கடைப்பிடிக்கும் வழிகளைச் சொல்கிறேன்.

எழுந்தவுடன் ஒரு பெரிய கிளாஸ் தண்ணீர். கிளம்புவதற்கு முன் கழிப்பறை. பாலத்தைக் கடக்கும்வரை சிறு சிறு மிடறு மட்டும். வேலையிடத்தில் கால் வைத்ததும் முதல் வேலை கழிப்பறை, இரண்டாவது அரை லிட்டர் தண்ணீர். ஒவ்வோர் இடைவேளைக்கும் ஒரு கிளாஸ். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறேன் என்று அர்த்தம். முட்டாவிட்டாலும் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை போய்விடுகிறேன். அவசரப்படாமல் முழுதாகக் கழிக்க வேண்டும்.

முன்னிருந்து பின்னாகத் துடைப்பது, தாம்பத்திய உறவுக்குப் பின் சிறுநீர் கழிப்பது, பருத்தி உள்ளாடை, வியர்த்த உடுப்பை மாற்றுவது ஆகியவற்றுக்கு ஆய்வுச் சான்று வலுவாக இல்லை. ஆனால் செலவில்லாதவை, தீங்கில்லாதவை. செய்வதில் நட்டமில்லை. விந்தணுக் கொல்லி பூசிய ஆணுறை பயன்படுத்துகிறவர்களுக்கு அடிக்கடி தொற்று வந்தால் வேறு வகைக்கு மாறுவது நல்லது.

மேற்பார்வையாளராக இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கழிப்பறைக்குப் போகிற பெண்ணை நேரம் பார்த்து முறைக்காதீர்கள். பத்து நிமிடம் மிச்சம் பிடித்து, பத்து நாள் மருத்துவ விடுப்பு கொடுக்க வேண்டி வரும்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியது எப்போது?

* எரிச்சலுடன் காய்ச்சலோ உடல் நடுக்கமோ வந்தால்
* விலாவுக்குக் கீழே முதுகில் வலி, குமட்டல், வாந்தி இருந்தால்
* கர்ப்பிணிக்கோ கைக்குழந்தைக்கோ தொற்று என்ற சந்தேகம் வந்தால்
* சிறுநீர் அறவே வராமல் நின்றுவிட்டால்
* சிறுநீரில் இரத்தம் தெரிந்தால், குறிப்பாக வலி இல்லாமல் தெரிந்தால்
* மயக்கம், குழப்பம், மூச்சு வாங்குதல் இருந்தால் 999ஐ அழையுங்கள்

காய்ச்சல் இல்லாமல் எரிச்சல் மட்டும் இருந்தால், அன்றோ மறுநாளோ கிளினிக்கைப் பார்த்துவிடுங்கள். வாரக்கடைசி வருகிறதே என்று திங்கட்கிழமை வரை தள்ளிப்போடாதீர்கள்.

சென்ற மாதம் பக்கத்து வீட்டு அக்கா மகள் எங்கள் வீட்டுக்கு வந்து, எரிகிறது ஆன்ட்டி என்று மெல்லச் சொன்னாள். அம்மா அடுப்படியில் இருந்தார். வழக்கம்போல் பார்லியை எடுத்துக் களைந்து அடுப்பில் வைத்தார். பிறகு வெளியே வந்து, “இது காய்ச்சி ஆற ஒரு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள இவள கிளினிக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடு” என்றார்.

போய்விட்டு வந்தோம். பார்லி இளஞ்சூடாக இருந்தது. மாத்திரையை அதில்தான் விழுங்கினாள்.